ஔவை எண்ணிய ஐந்து

தனிப்பாடல் திரட்டில் ஔவையார் பெயரால் வழங்கும் வெண்பா ஒன்று, மற்ற எவராலும் செய்ய முடியாதவை என்று ஐந்து பொருள்களை எண்ணிச் சொல்கிறது: குருவிக்கூடு, அரக்கு, கரையான் புற்று, தேனடை, சிலந்தி வலை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று எளிதில் கைவரும், ஆகையால் தம்மைப் பெரிய வல்லவர் என்று எவரும் மார்தட்ட வேண்டாம் என்பது பாட்டின் கருத்து. புலவர் அவையில் ஒருவருடைய செருக்கை அடக்கப் பாடியதாக மரபு சொல்லும்.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்தப் பட்டியல்தான். பாடியவர் மயிலையும் தாமரையையும் விட்டுவிட்டார். வீட்டுக் கூரையிலும் வயல் வரப்பிலும் கிணற்றோரப் பனையிலும் காணக் கிடைக்கும் சிற்றுயிர்களின் வேலைகளை எடுத்துக்கொண்டார். ஐந்தும் அந்த உயிர்கள் தம் உடலுக்கு வெளியே எழுப்பியவை, ஆகவே ஐந்தும் கட்டடங்கள். கட்டியவர் யார் என்று தெரிகிறது. எப்படி என்பதுதான் கேள்வி. மற்றவர்க்கு அரிய வேலை அந்த உயிருக்கு மட்டும் எளிதானது எப்படி?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் இரண்டு விடைகளே இருந்தன. அந்த உயிருக்கே கணக்குத் தெரியும் என்பது ஒன்று. கணக்குத் தெரிந்த ஒருவன் அதன் வழியாகக் கட்டுகிறான் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஒரு வரைபடம் முன்கூட்டியே எங்கோ இருக்கிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அப்படி ஒரு வரைபடம் எங்கும் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. வேலை நடக்க நடக்க வடிவம் உண்டாகிறது. இப்படிச் சொல்வதால் வியப்பு குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஔவையின் ஐந்தையும் அருகில் போய்ப் பார்த்த பிறகு எனக்கு அது கூடித்தான் இருக்கிறது.

தூக்கணாங்குருவியின் கூட்டைக் குறுந்தொகைப் புலவரே அறிவார், அதுவும் நெடும்பனையில் தொடுத்த கூடாகவே. கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. நெல்லின் இலையிலோ நீண்ட புல்லிலோ அடியில் அலகால் ஒரு வெட்டு வைத்து, நுனியை நோக்கிப் பறந்தபடியே நாராகக் கிழித்து எடுத்து வரும். முதலில் கிளை நுனியில் ஒரு கட்டு, பிறகு ஒரு வளையம், வளையத்திலிருந்து ஒருபுறம் முட்டையறை, மறுபுறம் கீழ்நோக்கித் தொங்கும் குழல் வாயில். கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போல் தொங்கும் நிலையில் வேலை நிற்கிறது. பெண் குருவிகள் வந்து உள்ளே ஏறிப் பார்க்கின்றன. ஒருத்தி ஏற்றுக்கொண்டால்தான் மீதி பின்னப்படும். ஏற்பார் இல்லாத கூடுகள் பாதியிலேயே காய்ந்து தொங்கும். ஒருத்தி குடியேறி முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையைத் தேடும். இந்த ஒழுங்கை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற ஊரில் தங்கியிருந்தபோது வீட்டருகிலேயே பார்த்துப் பார்த்துக் குறித்தவை அவை.

இந்தத் திறமை பிறவியிலேயே முழுதாக வந்துவிடுகிறதா? ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி இனம் ஒன்றை வைத்து அமெரிக்காவின் காலியாஸ் தம்பதியர் நடத்திய சோதனைகள் அப்படி இல்லை என்று காட்டின. புல்லோ நாரோ கொடுக்காமல் வளர்த்த இளம் ஆண்கள், பின்னால் பொருள் கிடைத்தபோதும் தடுமாறின. முடிச்சுப் போடும் உந்துதல் பிறவியில் உண்டு, கைத்திறன் பழகித்தான் வருகிறது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு போட்ஸ்வானாவில் காட்டுக் குருவிகளைப் படம் பிடித்தது. ஒரே பறவை ஒவ்வொரு கூட்டையும் கொஞ்சம் வேறு விதமாகப் பின்னுகிறது, கூடுகள் கூடக் கூட நாரைக் கீழே தவறவிடுவது குறைகிறது என்று அது சொன்னது. அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வரும் என்ற பழைய எண்ணம் இதனால் போயிற்று.

இன்னொரு முடிவு, கூட்டின் அழகில் சொக்கிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். பெண் குருவி எதைப் பார்த்துக் கூட்டைத் தேர்கிறது என்று சுஹேல் காதர் ஆராய்ந்து 2006இல் எழுதினார். பின்னலின் நேர்த்தியைவிட, கூடு எங்கே தொங்குகிறது என்பதே பெரிதாக இருந்தது. உயரமான இடம், முள்மரம், தடித்த கிளை ஆகியவற்றுக்கே முதலிடம். நாம் கூட்டைப் பார்க்கிறோம், அவள் முகவரியைப் பார்க்கிறாள். முட்டையைத் தேடி வரும் பாம்பை நினைத்தால் அவள் பார்வைதான் சரி. மின்மினியைக் களிமண்ணில் ஒட்டிக் குருவி விளக்கேற்றும் என்ற கதையில் களிமண் மட்டும் உண்மை. ஆண் குருவி கூட்டின் உட்சுவரில் ஈர மண்ணை அப்புகிறது. காற்றில் கூடு அலையாமல் இருக்க எடை சேர்க்கிறது என்பது ஒரு விளக்கம், ஆனால் அது இன்னும் முடிந்த முடிவாகவில்லை.

அரக்கை ஔவை கட்டடங்களோடு சேர்த்தது கூர்மையான பார்வை. பலரும் அதைப் பிசின் என்று கடந்துவிடுவார்கள். அரக்குப்பூச்சியின் குஞ்சுகள் புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் நெருக்கியடித்து அமர்ந்து, உறிஞ்சுகுழலைத் துளைத்துச் சாறு குடிக்கின்றன. உடலெங்கும் உள்ள நுண்துளைகளிலிருந்து பிசின் கசிந்து இறுகுகிறது. பெண்பூச்சி அதற்குள்ளேயே காலை இழந்து, பிறகு ஒருபோதும் நகராமல், முட்டையிட்டு அங்கேயே முடிந்துபோகும். தன்னைச் சுற்றித் தானே எழுப்பிய அந்த அறையில் மூன்று துளைகள் மட்டும் அடைபடாமல் இருக்கும். இரண்டு மூச்சுக்கு, ஒன்று கழிவுக்கு. பிசின் ஒழுகி அவற்றை மூடிவிடாதபடி வெண்ணிற மெழுகு இழைகளைத் துளைகளின் வழியாக வெளியே நீட்டி வைக்கிறது. அரக்கை ஆராயவென்றே 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலக் கிராமபோன் தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. பாடகர் பாகவதரின் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது இந்தப் பூச்சியின் சுவரில் பதிந்துதான்.

புற்றுக்கு வருவோம். நம் பக்கத்துச் செம்மண்ணில் ஆளுயரம் நிற்கும் புற்றுகளைப் பெரும்பாலும் எழுப்புவது ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் என்ற கரையான். கட்டுகிற பணிக் கரையானுக்குப் பார்வை கிடையாது, உடல் சில மில்லிமீட்டர்தான். உள்ளே அவை ஒரு காளானைப் பயிர் செய்கின்றன. மழைக்காலத்தில் புற்றின் மேல் முளைத்து நம் குழம்புக்கு வரும் புற்றுக்காளான் அதுதான். இலட்சக்கணக்கான கரையான்களும் அந்தக் காளானும் மூச்சு விடுகின்றன. நிலத்துக்குள் இருக்கும் அந்தக் குடியிருப்பிலிருந்து கரியமில வாயு எப்படி வெளியேறுகிறது? புற்றின் வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய திறப்பு எதுவும் இல்லை.

1961இல் மார்ட்டின் லூஷர் என்ற சுவிஸ் ஆய்வாளர் ஒரு விடை தந்தார். கரையான்களின் உடற்சூட்டால் நடுவில் காற்று மேலெழுகிறது, சுவரோரக் குழாய்களில் குளிர்ந்து கீழிறங்குகிறது, போகிற வழியில் சுவரின் நுண்துளைகள் மூலம் வாயு மாறிக்கொள்கிறது என்றார். படிக்கவே அழகான விளக்கம். கட்டடக் கலைஞர்களை அது பற்றிக்கொண்டது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம், வழக்கமான குளிர்பதன முறை இல்லாமல், இரவுக் குளிரைச் சுவர்களில் சேமித்துப் பகலில் உள்ளே இதமாக இருக்கும்படி கட்டப்பட்டது. கரையான் புற்றைப் பார்த்துக் கற்ற கட்டடம் என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம் பெற்றது.

ஆனால் புற்றையே திரும்பப் போய் அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நமீபியாவில் பல ஆண்டுகள் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் அவருடன் சேர்ந்த ரூபர்ட் சோரும் 2008இல் எழுதிய கட்டுரை, புற்று வெப்பத்தைச் சீராக வைத்திருப்பதில்லை என்றது. குடியிருப்பின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தை ஒட்டியே மாறுகிறது. புற்றின் வேலை குளிர்விப்பது அல்ல, மூச்சு வாங்குவது. 2015இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஒக்கோ, மகாதேவன் ஆகிய மூவரும் தென்னிந்தியப் புற்றுகளுக்குள் நுண்கருவிகளை இறக்கிக் காற்றோட்டத்தை நேரடியாகவே அளந்தார்கள். பகலில் வெயில் படும் விளிம்புகள் சூடேறுவதால் அங்கே காற்று மேலே போகிறது, நடுவில் கீழே வருகிறது. இரவில் விளிம்புகள் சீக்கிரம் குளிர்ந்துவிட, ஓட்டம் அப்படியே தலைகீழாகிறது. பகலில் உள்ளே தேங்கிய கரியமில வாயு இரவில் வெளியேறுகிறது. ஆக, புற்றை இயக்கும் சக்தி உள்ளிருக்கும் உயிர்களின் சூடு என்பதைவிடப் பகலும் இரவும் மாறி மாறி வருவதே. பூமி சுழல்கிறது, புற்று மூச்சு விடுகிறது. லூஷரின் விளக்கத்தைவிட இது எனக்குப் பல மடங்கு அழகாகப் படுகிறது. ஈஸ்ட்கேட் கட்டடம் தவறான பாடத்திலிருந்து நல்ல விடையை எழுதிய மாணவன். நல்ல விடை என்பதில் ஐயமில்லை.

சரி, கண்ணில்லாத இலட்சம் தொழிலாளர்களுக்கு மேற்பார்வை யார்? பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-போல் கிராசே 1959இல் சொன்ன கருத்து இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது. கரையானுக்குக் கட்டளையிடுவது மற்றொரு கரையான் அல்ல, வேலையேதான். ஒன்று உமிழ்நீரில் குழைத்த மண்ணுருண்டையை ஓரிடத்தில் வைக்கிறது. அந்த ஈர உருண்டை அடுத்ததை அங்கேயே வைக்கத் தூண்டுகிறது. குவியல் தூணாகிறது, அருகருகே உள்ள தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து வில்வளைவாகச் சேர்கின்றன. தூண்டுவது உமிழ்நீரின் வாசனையா, மண்ணின் ஈரமா, பரப்பின் வளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அண்மை ஆய்வுகள் ஈரத்துக்கும் வளைவுக்கும் கூடுதல் பங்கு தருகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஆய்வு மற்றொரு முடிச்சை அவிழ்த்தது. வலுவாக நிற்க மண்ணுக்குச் சரியான ஈரம் இருந்தாலே போதும். மழைக்கும் வெயிலுக்கும் கரையாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்குத்தான் கரையானின் உமிழ்நீர் வேண்டும். பருவமழை கொட்டும் நிலத்தில் மண்ணால் கட்டி, அதை நிலைக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது மண்சுவர் வைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

கரையான் இலட்சமாகக் கூடி வேலை செய்தால், சிலந்தி தனி ஆள். திருவானைக்காவில் இலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலையால் பந்தலிட்ட சிலந்தியின் கதையை நாம் அறிவோம். அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது தலபுராணம். வலையைப் பூச்சிபிடிக்கும் பொறியாக மட்டும் பார்க்காமல் கட்டுமானமாகப் பார்த்த கற்பனை அது.

சக்கர வலையைக் கட்டுகிற வரிசையை ஒருமுறையாவது மாலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காற்றில் மிதக்கவிட்ட இழை எதிர்க் கிளையில் பட்டு ஒட்டினால் அதுவே பாலம். பிறகு சட்டம், நடுவிலிருந்து ஆரங்கள். அடுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஒட்டாத இழையால் அகலமான ஒரு சுருள். இது சாரம்தான். கடைசியில் வெளியிலிருந்து உள்நோக்கிப் பசையிழையை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வரும்போது, சாரத்தை அறுத்து எடுத்துவிடுகிறது. கொத்தனார் செய்கிற அதே காரியம், அதே காரணத்துக்காக. 2021இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இருளில் வலை கட்டும் சிறு சிலந்திகளைக் காமிராவில் பதிந்து, ஒவ்வொரு காலின் அசைவையும் கணினியால் பின்தொடர்ந்தார்கள். கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய கால் அசைவுகள் சிலந்திக்குச் சிலந்தி ஒத்திருந்தன. இப்போது எந்த அசைவு நடக்கிறது என்பதை வைத்தே வலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

வலை கட்டச் சிலந்திக்குப் பூமியின் ஈர்ப்பு தேவையா? 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு அரபெல்லா, அனிதா என்ற இரண்டு சிலந்திகள் போயின. ஜூடித் மைல்ஸ் என்ற பள்ளி மாணவியின் யோசனை அது. ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு அவை வலை கட்டின. பின்னர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வந்தபோது ஒரு நல்ல செய்தி இருந்தது. பூமியில் சக்கர வலையின் மையம் நடுவுக்குச் சற்று மேலே இருக்கும், சிலந்தி தலைகீழாக அமர்ந்திருக்கும். கீழே ஓடுவது விரைவு என்பதால் கீழ்ப்பகுதி பெரிது. ஈர்ப்பு இல்லாத இடத்தில் அந்தச் சாய்வு மறைந்து வலை ஏறக்குறையச் சமச்சீராக வந்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது கட்டிய வலைகளில் பழைய சாய்வு திரும்பியது. ஈர்ப்பு போனால் ஒளி வரும் திசையை மேல் என்று எடுத்துக்கொள்கிறது. விண்வெளியில் வாழ எந்தச் சிலந்தியும் பழகியதில்லை. அப்படியிருந்தும் மாற்று வழி அதனிடம் இருந்தது.

நூலைப் பற்றிச் சொல்லும்போது எஃகைவிட வலியது என்ற வாசகம் எல்லா இடத்திலும் வருகிறது. கொஞ்சம் நிதானம் வேண்டும். தொங்கும் இழையின் இழுவை வலிமை நல்ல எஃகுக்கு நெருங்கி வரும், எடையோ எஃகின் ஆறில் ஒரு பங்குதான். உண்மையான மேன்மை, அறுவதற்கு முன் அது விழுங்கும் ஆற்றலில் இருக்கிறது. மடகாஸ்கரில் கண்டறியப்பட்டு 2010இல் டார்வின் பெயர் சூட்டப்பட்ட மரப்பட்டைச் சிலந்தி ஆற்றின் குறுக்கே 25 மீட்டர் வரை பாலமிடும். அதன் இழை, அறியப்பட்ட உயிரியல் பொருள்களிலேயே மிகக் கடினமாக அறுபடுவது. இவ்வளவும் சாதாரண வெப்பத்தில், நீரில் கரைந்த புரதத்திலிருந்து உருவாகிறது. சுரப்பியின் குழாயில் இறங்கும்போது அமிலத்தன்மை கூடுகிறது, நீர் விலகுகிறது, இழுப்பின் விசையில் மூலக்கூறுகள் வரிசையாகின்றன. உள்ளே திரவம், வெளியே நூல். பெரிய ஆலைகளால் இதை இன்னும் அதே தரத்தில் செய்ய முடியவில்லை. ஔவையின் கூற்று இந்த ஒன்றில் எழுத்துக்கு எழுத்து நிற்கிறது.

தேனடைக்குக் கடைசி இடம் கொடுத்ததற்குக் காரணம், இந்தக் கேள்வியின் முழு வரலாறும் அதற்குள் இருப்பதுதான். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ், இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்குப் பலகோணங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றுதான், அவற்றில் குறைந்த சுவருக்கு அதிக இடம் தருவது அறுகோணம், தேனீ அதைத் தேர்ந்திருக்கிறது என்று எழுதினார். ஒழுங்கற்ற எந்த வடிவத்தை எடுத்தாலும் அறுகோணத்தை விஞ்ச முடியாது என்பதை முழுமையாக நிறுவ 1999 வரை ஆயிற்று. தாமஸ் ஹேல்ஸ் நிறுவினார்.

அடை ஒருபக்கம் மட்டும் உள்ளதல்ல. இருபக்க அறைகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை, ஒவ்வோர் அறையின் அடியும் மூன்று சாய்சதுரங்கள் சேர்ந்த கூம்பு. 1712இல் வானியலாளர் மரால்டி அந்தச் சாய்சதுரத்தின் கோணங்கள் 109 பாகை 28 கலை, 70 பாகை 32 கலை என்று வெளியிட்டார். மிகக் குறைந்த மெழுகுக்கு என்ன கோணம் வேண்டும் என்று ரெயோமூர் என்ற பூச்சியியலாளர் கணித அறிஞர் கோனிக்கிடம் கேட்க, 1739இல் அவர் சொன்ன விடை இரண்டு கலை தள்ளியிருந்தது. 1743இல் கணிதர் மக்லாரின் திரும்பக் கணக்கிட்டு, மரால்டியின் எண்ணே சரி என்றார். கணித மேதை தவறினார், தேனீ தவறவில்லை என்று ஐரோப்பா முழுவதும் கொண்டாடியது. மேலோட்டமாகப் படிப்பவர்கள் இன்றும் இந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிறார்கள்.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். மெழுகு அறையில் இரண்டு கலை நுட்பத்துக்கு எவராலும் கோணத்தை அளக்க முடியாது. மரால்டியின் எண்ணும் அளந்தது அல்ல, கணக்குப் போட்டதுதான் என்று டார்சி தாம்ப்சன் 1917இல் வந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதற்கும் முன்பே, 1866இல் ஜெஃப்ரிஸ் வைமன் என்ற ஹார்வர்டு உடற்கூறியலாளர் அறைகளை உண்மையிலேயே அளந்து, பிழையற்ற அறை கிடைப்பது அரிது என்று எழுதியிருந்தார். 1964இல் ஹங்கேரியக் கணிதர் ஃபெயஸ் டோத் இன்னும் ஒரு படி போனார். இரண்டு அறுகோணமும் இரண்டு சாய்சதுரமும் கொண்ட வேறோர் அடிப்பகுதி, தேனீயின் அடிப்பகுதியைவிட மிகச் சிறிதளவு மெழுகைச் சேமிக்கும் என்று காட்டினார். அப்படியென்றால் தேனீ தோற்றதா? 1994இல் டப்ளினில் வேயரும் ஃபிலனும் சோப்பு நுரையை இரட்டை அடுக்காக வைத்துப் பார்த்தார்கள். படலம் மெல்லியதாக இருந்தபோது டோத்தின் வடிவம் வந்தது. திரவத்தைக் கூட்டிச் சுவரைத் தடிப்பாக்கியதும் அமைப்பு சட்டென்று மாறித் தேனீயின் வடிவத்துக்கு வந்தது. மெழுகுச் சுவருக்குத் தடிப்பு உண்டு என்பதைக் காகிதக் கணக்கு மறந்திருந்தது.

வரைபடம் இல்லாமல் அடை உருவாகும் வழியை முதலில் காட்டியவர் டார்வின். 1859இல் வந்த நூலில் இயல்பூக்கம் பற்றிய அத்தியாயத்தில் அவர் ஒரு வரிசையை முன்வைத்தார். ஒரு முனையில் உருண்டை அறை கட்டும் பம்பிள் தேனீ, மறுமுனையில் தேனடை கட்டும் தேனீ, நடுவே மெக்சிகோவின் மெலிப்போனா. நம் ஊரிலும் அந்த வரிசையின் ஒரு படி இருக்கிறது. சுவரிடுக்கிலும் மரப்பொந்திலும் வாழும் கொசுத்தேனீயின் தேன், மெழுகும் பிசினும் கலந்த சிறுசிறு உருண்டைக் குடங்களில்தான் இருக்கும். குங்குமச் சிவப்பேற்றிய மெல்லிய மெழுகுத் தகட்டை டார்வின் கூட்டுக்குள் வைத்தார். தேனீக்கள் இருபுறமும் குழி தோண்டின. மறுபக்கத்துக் குழியைத் தொடும் முன், சுவர் துளைபடாமல், நின்றன. ஒருவரையொருவர் ஒட்டி நின்று ஆளுக்கொரு வட்டக் குழி தோண்டி, குழிகள் சந்திக்கும் இடத்தில் சமதளச் சுவர் விடுவதே அறுகோணம் பிறக்கும் வழி என்பது அவர் விளக்கம். அறையின் விளிம்பில் பூசிய சிவப்பு, சுற்றிலும் மெல்லப் பரவியிருந்தது. ஒரே அறையில் பல தேனீக்கள் வேலை செய்ததற்கு அதுவே சான்று. மெழுகு வயிற்றடிச் சுரப்பிகளில் செதிலாக வருவது, அதற்கு ஏராளமான தேன் செலவாகும். மெழுகை மிச்சம் பிடிக்கும் கூட்டத்துக்குக் கடினமான பருவத்தைத் தாண்டும் வாய்ப்பு அதிகம். தேனீ கணக்குப் போடவில்லை. கணக்கில் குறைந்த கூட்டங்கள் மறைந்தன. 40 கிராம் மெழுகுச் சுவர்கள் ஏறத்தாழ 2 கிலோ தேனைத் தாங்குவது இந்த நீண்ட வடிகட்டலின் விளைவு.

இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு வாதம் எழுந்தது. தேனீக்கள் கட்டுவது வட்டக் குழாய்களைத்தான், உடற்சூட்டில் இளகிய மெழுகு தானாகவே இழுபட்டு அறுகோணமாகிறது என்று 2004இல் ஒரு குழுவும், 2013இல் கரிஹாலூ முதலியோரும் எழுதினார்கள். புகை போட்டு வேலையை இடையில் நிறுத்திப் பார்த்தபோது புதிய அறைகள் வட்டமாகவும் பழையவை அறுகோணமாகவும் இருந்தன. அதே 2013இல் பவுவர், பீனெஃபெல்டு என்ற இருவர் வெப்பப் படக்கருவியால் பார்த்து, மெழுகு அந்த அளவுக்கு இளகவில்லை, தேனீயே தாடையால் செதுக்குகிறது என்றனர். எல்லாம் இயற்பியல்தான், தேனீக்கு இதில் பெருமை இல்லை என்று கைகழுவும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சோப்பு நுரை மறுநிமிடம் உடைந்துபோகும், அதில் யாரும் குஞ்சு வளர்க்க முடியாது. இயற்பியல் தரும் சலுகையைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும் ஒரு திறமை.

இதற்குத் தெளிவான சான்று அடையின் குறைகளில்தான் கிடைத்தது. தேனீக்கள் ஒரே இடத்தில் தொடங்கி வரிசையாகக் கட்டுவதில்லை. பல இடங்களில் தொடங்கிய துண்டுகள் வளர்ந்து நடுவில் சந்திக்கின்றன. பணித்தேனீக்கான அறை சிறியது, ஆண் தேனீக்கான அறை பெரியது. துண்டுகளின் வரிசை ஒன்றோடொன்று பொருந்தாது. அப்படிப்பட்ட இடங்களை ஸ்மித், நாப், பீட்டர்சன் ஆகியோர் படம் எடுத்து ஆயிரக்கணக்கான அறைகளை அளந்து 2021இல் வெளியிட்டார்கள். இணைப்பில் ஐங்கோண அறையும் எழுகோண அறையும் பக்கத்துப் பக்கமாக வருகின்றன, இரண்டுக்கும் நடுத்தரமான அளவுள்ள அறைகள் இடையில் வந்து வேறுபாட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முக்கியமான செய்தி இதுதான்: அந்த மாற்றம் சந்திப்புக்கோட்டில் தொடங்குவதில்லை, சில அறைகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எதிரே வரும் துண்டு இன்னும் தொடாத நிலையில், கூட்டின் இருட்டில், நூற்றுக்கணக்கானவை மொய்த்து நிற்கும் நெரிசலில் அது எப்படித் தெரிகிறது? உணர்கொம்பின் நுனியை நீக்கினால் சுவரின் தடிப்பு தாறுமாறாகும், கழுத்திலுள்ள நுண்மயிர்கள் செங்குத்தை உணர்த்துகின்றன என்று மார்ட்டினும் லிண்டாவரும் 1966லேயே காட்டியிருக்கிறார்கள். தடிப்பை அறியும் புலனும் சாய்வை அறியும் புலனும் இப்படித் தெரிந்துவிட்டன. வரப்போகும் இணைப்பை முன்னறிந்து அறையின் அளவை மாற்றும் தேனீ எதைத் தொட்டு, எதை அளந்து முடிவு செய்கிறது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.